ரத்தம் கரையும் வரை

ரிட்டயர் ஆன பிறகுதான் அந்தச் செல்லின் முகத்தைப் பார்த்தேன்.

என்னோடு வார்டில் வேலை பார்த்த கலைவாணி இப்போது பெரம்பலூரில் ஒரு பக்கவாத வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது, சும்மா வந்து உட்காருங்கள் சிஸ்டர் என்று கூப்பிட்டாள். அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். இளம் டாக்டர் ஒருவர் திரையில் படம் போட்டுப் பேசினார். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்லின் படம் அது. மைக்ரோகிளியா என்று பெயர். சாதாரண நாளில் அது மெல்லிய கைகளை நாலாபக்கமும் நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்து ரத்தம் கசிந்துவிட்டால், நீட்டிய கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டு திரண்டு, ரத்தம் தேங்கிய இடத்துக்குக் கிளம்பிவிடுமாம். இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டினார்.

 இந்தச் செல்லுக்குப் பயந்தும், இதையே நம்பியும் எத்தனையோ கட்டில்களின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெண் கேட்டாள். "நீங்க பார்த்ததுலயே மறக்க முடியாத கேஸ் எது சிஸ்டர்?"

டீ ஆறுவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுக்க எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குத் திருமானூர்ப் பக்கம். தஞ்சாவூரில் நர்சிங் படித்தேன். செட்டிகுளம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருஷம் பிரசவம் பார்த்தேன், தடுப்பூசி போட்டேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரியின் மெடிக்கல் வார்டுக்கு மாற்றல் வந்தது. ரிட்டயர் ஆகும்வரை அங்கேயேதான்.

எங்கள் பக்கம் பிரஷரோடு நடமாடுகிறவர்கள் அதிகம். தலைவலித்தால்தான் மாத்திரை போடுவார்கள். தலைவலி போனால் மாத்திரையும் போய்விடும். அப்படி விட்டவர்களில் சிலரைக் கை கால் இழுத்துக்கொண்டு, வாய் கோணி, ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவருவார்கள். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதா, வெடித்துவிட்டதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வெடித்திருந்தால் கறுப்பும் சாம்பலுமான படத்தில் வெள்ளையாக ஒரு திட்டு நிற்கும். அதுதான் கசிந்த ரத்தம்.

ஆரம்ப வருஷங்களில் எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்று உண்டு. குன்னம் பக்கத்திலிருந்து மக்காச்சோளம் போடும் விவசாயி ஒருவர் வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை. வந்த மறுநாள் கண் விழித்து, பெண்சாதியிடம் கஞ்சி கேட்டார். வீட்டார் சாமிக்கு நேர்ந்துகொண்டு சிரித்த முகமாக இருந்தார்கள். அதற்கடுத்த நாளிலிருந்து மந்தமானார். கூப்பிட்டால் 'ம்' என்றார். பிறகு அதுவும் இல்லை. மறுபடி எடுத்த ஸ்கேனில் ரத்தத் திட்டு அதே அளவில்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி மூளை வீங்கியிருந்தது. அவர் பிழைக்கவில்லை. "நல்லாத்தானே இருந்தாரு, கஞ்சி கேட்டாரே" என்று அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நோயாளி கண் விழித்தால் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். நான் அன்றிலிருந்து அடுத்த நாளை நினைத்துப் பயப்படுவேன்.

அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஆள் பிறகுதான் வந்தார். டாக்டர் தேன்மொழி. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஒல்லியாக, முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, பையன்கள் போடுகிற செருப்பு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு வேகமாக நடப்பார். அந்த வேகமெல்லாம் கட்டில்வரைதான். கட்டிலுக்கு வந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கால்மாட்டில் நின்றுகொண்டு பேசி நான் பார்த்ததே இல்லை. நினைவில்லாத நோயாளியாக இருந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க கையைத் தொடப்போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். வீட்டாரிடம் "பயப்படாதீங்க" என்று சொல்லவே மாட்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அடுத்து என்ன செய்யணும்னு தெரியும்" என்பார். முதல் தடவை கேட்டபோது, என்ன இந்தப் பொண்ணு இப்படிப் பேசுது என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் கவனித்தால், அதைக் கேட்ட வீட்டார்தான் மற்றவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

அவர்தான் எனக்கு விளக்கினார். ரத்தம் குழாய்க்குள் ஓடும்வரை மூளைக்கு உயிர். வெளியே கசிந்து தேங்கிவிட்டால் விஷம். அது சிதையச் சிதைய மூளையின் காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. வெளியே ரத்தத்தில் இருக்கிற எதிர்ப்புச் செல்களையும் துணைக்குக் கூப்பிடுகின்றன. எல்லாம் சேர்ந்து பாய்கிற வேகத்தில் சுற்றியிருக்கும் நல்ல மூளையும் அடிபட்டு வீங்குகிறது. நோயாளி நன்றாயிருந்து திடீரென்று மந்தமாவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

"அப்ப அதுங்களை அடக்கிட வேண்டியதுதானே டாக்டர்?" என்றேன். அந்தக் காலத்தில் மூளை வீக்கம் என்றாலே ஸ்டீராய்டு ஊசி போடுகிற வழக்கம் பல இடங்களில் இருந்தது.

"அடக்கிட்டா அப்புறம் குப்பையை யாரு சிஸ்டர் அள்றது?" என்றார். கெட்டுப்போன ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிச் சுத்தம் செய்வதும் அதே செல்கள்தான். ஸ்டீராய்டு இந்த வகைக் கசிவுக்குப் பலன் தரவில்லை, சர்க்கரை ஏறுகிறது, கிருமி தொற்றுகிறது என்றும் தெரிந்துபோயிருந்தது. எங்கள் வார்டில் இதற்கு அந்த ஊசி நின்றது. பிரஷரை நிதானமாக இறக்குவது, காய்ச்சலை ஏறவிடாமல் வைப்பது, சர்க்கரையைப் பார்ப்பது, தலைமாட்டைச் சாய்வாக உயர்த்திக் கழுத்து மடங்காமல் நேராக வைப்பது, புரையேறாமல் காப்பது, முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்கவைப்பது. இவ்வளவுதான் வைத்தியம். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஒன்றை விட்டாலும் ஆள் போய்விடும்.

சபுராம்மா எங்களிடம் வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது, வட்ட முகம். காலையில் அடுப்படியில் நின்றவர் அப்படியே சரிந்திருக்கிறார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. கல்லூரி முடித்த மகள் நிலோபர்தான் தூக்கிக்கொண்டு வந்தாள், கூடவே சபுராம்மாவின் தம்பி. கணவர் ஜப்பார் பாய் குவைத்தில் இருந்தார். கல்யாணமான புதிதில் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்துபோவதுதான் குடும்பம்.

ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் ஆழத்தில் வெள்ளைத் திட்டு. டாக்டர் திருச்சியில் ஒரு மூளை அறுவை மருத்துவருக்குப் படத்தை போனில் அனுப்பிப் பேசினார். ஆழமான இடம், இப்போதைக்குக் கத்தி வைப்பதால் லாபமில்லை, மோசமானால் உடனே அனுப்புங்கள் என்று அவர் சொன்னார். பிரஷருக்கு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றி இறக்கினோம். மறுநாள் சபுராம்மா கண்ணைத் திறந்தார். மகள் வீடியோ கால் போட்டுக் காட்ட, அந்தப் பக்கத்திலிருந்து ஜப்பார் பாய் "சபுரா, நான் வந்துக்கிட்டே இருக்கேன்" என்று அழுதார். சபுராம்மா கண்ணைச் சிமிட்டினார். நான் அடுத்த நாளை நினைத்துக்கொண்டு மறுபடி பிரஷர் பார்த்தேன்.

ஜப்பார் பாய் விமானத்தில் இறங்கி நேராக வார்டுக்கு வந்தபோது சபுராம்மா கண்ணைத் திறக்கவில்லை. காய்ச்சல் வேறு. அவர் தோளில் மாட்டிய பையில் விமானத்துச் சீட்டு இன்னும் தொங்கியது. கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து என்னைப் பார்த்துக் கண்ணசைச்சா சிஸ்டர். இன்னிக்கு இப்படிக் கெடக்குறா. என்ன பண்ணீங்க அவள?"

மைத்துனர் கீழே ஆம்புலன்ஸ் பேசி வைத்திருந்தார். "மச்சான், பேச்சு எதுக்கு? தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி ஆபரேஷன் பண்ணிடுவோம்."

டாக்டர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜப்பார் பாய்க்கும் ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். முதல் ஸ்கேனையும் அன்று எடுத்ததையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இந்த வெள்ளைதான் கசிஞ்ச ரத்தம். ரெண்டுலயும் அதே அளவுதான். பெருசாகல. அதைச் சுத்திக் கறுப்பா இருக்கு பாருங்க, அது வீக்கம். இதுதான் அவங்களை அமுத்துது."

"அப்ப வீக்கத்துக்கு ஊசி போடுங்க டாக்டரம்மா. எங்க கம்பெனி டாக்டருகூட அதத்தான் சொன்னாரு. நீங்க போடலயாம்."

"போடல. இந்த வீக்கம் வெளியிலேர்ந்து வந்த கிருமியால இல்ல பாய். உங்க வீட்டம்மாவோட உடம்பே அந்த ரத்தத்தோட சண்டை போடுது. சண்டையில பக்கத்துல இருக்குற நல்ல இடமும் அடிவாங்குது. ஆனா அந்த ரத்தத்தை அள்ளி வெளிய போடுறதுக்கும் அதைவிட்டா வேற ஆள் இல்ல. நீங்க சொல்ற ஊசி ரெண்டையும் முடக்கிடும்."

"பொழைச்சுக்குவாளா?"

"தெரியல. இன்னும் சில நாள் இப்படியே போகும், இதைவிட மோசமாகவும் ஆகலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு. மணிக்கு மணி பார்த்துக்கிட்டே இருப்போம். கண்ணுப்பாவையில மாற்றம் தெரிஞ்சா நானே ஆம்புலன்ஸ்ல ஏறி உங்களோட திருச்சிக்கு வரேன். இப்பவே கொண்டுபோகணும்னு நீங்க நினைச்சாலும் தப்பில்ல, ஏற்பாடு பண்ணித் தரேன். ஆனா இப்ப இந்த நெலமையில ரோட்டுல குலுக்கிக்கொண்டு போறதை நான் சொல்ல மாட்டேன்."

ஜப்பார் பாய் மனைவியின் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். மைத்துனர் "மச்சான்…" என்று ஆரம்பிக்க, "ஆம்புலன்ஸை அனுப்பிடு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் என்ன செய்யணும் சிஸ்டர்?" என்று கேட்டார்.

அந்த மாதிரி நேரத்தில் உட்கார்ந்து அழச் சொல்லக்கூடாது என்பது என் அனுபவம். கையைக் கழுவச் சொல்லி வேலை கொடுத்தேன். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து ஒருக்களித்துத் திருப்புவது, விழுந்த கையைத் தலையணையில் தாங்கிவைப்பது, மூக்குக்குழாய் வழியாகக் கஞ்சியை மெள்ள இறக்குவது, துணியை நனைத்து வாயைச் சுத்தம் செய்வது. ஒருமுறை திருப்பும்போது ஜப்பார் பாய் மனைவியின் முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார். "இது எப்ப?"

"பைக்கிலேர்ந்து விழுந்தாங்கத்தா. அப்ப நீங்க குவைத்துல இருந்தீங்க. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

அவர் தழும்பை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுப் போர்வையை இழுத்து மூடினார்.

ஒருநாள் மதியம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், இடது கண்ணுப்பாவை சுருங்கத் தாமதிக்கிறது. மறுபடி அடித்தேன். சந்தேகமே இல்லை. டாக்டர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். வீக்கத்தை வடிக்கும் மருந்தை வேகமாக ஏற்றினோம். திருச்சிக்குப் போன் போட்டுக் கட்டில் சொல்லிவைத்தார். மருந்து கேட்காவிட்டால் உடனே கிளம்ப ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. ஜப்பார் பாய் சுவரோரம் நின்று உதட்டுக்குள் துவா ஓதிக்கொண்டிருந்தார். டாக்டர் ஸ்டூலைவிட்டு எழவே இல்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் டார்ச்சை வாங்கி அடிப்பார், என்னிடம் தருவார், நானும் அடித்துப் பார்ப்பேன். வெயில் இறங்குகிற நேரத்தில் பாவை பழையபடி சட்டென்று சுருங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "சிஸ்டர், சாப்ட்டுட்டு வரேன்" என்று எழுந்து போனார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அதன்பிறகு மெல்லக் காய்ச்சல் விட்டது. சபுராம்மா கண் திறந்தார், திறந்தபடியே இருந்தார். ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம், இருமாமல் விழுங்கினார். இடது கையால் நிலோபரின் தலையைத் தடவினார். ஆனால் ஜப்பார் பாயைப் பார்த்தால் மட்டும் முகத்தில் ஒன்றுமில்லை. அவர் துடைத்துவிட வந்தால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பேச்சும் வரவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், மகள் பக்கத்தில் உட்கார்ந்து குர்ஆனிலிருந்து ஃபாத்திஹா ஓதினால் கூடவே தடங்கலில்லாமல் ஓதுவார். சின்ன வயசிலிருந்து மனப்பாடமானது மூளையில் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்றார் டாக்டர். ஓதி முடித்து, தண்ணீர் வேணுமா என்று கேட்டால் உதடுதான் அசையும்.

ஜப்பார் பாய் வராந்தாவில் என்னிடம் சொன்னார். "என்னை யாருன்னே தெரியல சிஸ்டர் அவளுக்கு. தப்பு அவ மேல இல்ல. எத்தனை நாளு என்னை நேர்ல பார்த்திருப்பா?"

இரண்டு நாள் கழித்து, மருந்து வாங்கக் கீழே போனவர் ஏதோ சந்தேகம் கேட்க மகளுக்குப் போன் போட்டார். நிலோபர் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்ததால் போனைக் கட்டிலில் வைத்து ஸ்பீக்கரை அழுத்தினாள். "ஹலோ நிலோபரு, இந்த மாத்திரை…" என்று குரல் வந்ததுதான் தாமதம், சபுராம்மா வெடுக்கென்று தலையைத் திருப்பினார். இடது கையால் போனைத் துழாவினார். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அத்தா, பேசுங்க! மாத்திரையை விடுங்கத்தா, அம்மாகிட்ட பேசுங்க!" என்று பிள்ளை கத்தியது.

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் போனை எடுத்து சபுராம்மாவின் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக அவருக்குப் புருஷன் என்றால் போனில் வரும் அந்தக் குரல்தான். கட்டிலோரம் நிற்கிற நரைத்த மனிதர் இல்லை.

டாக்டரிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "தினமும் போன்லயே பேசச் சொல்லுங்க. குவைத்துலேர்ந்து எந்த நேரத்துல கூப்பிடுவாரோ அதே நேரத்துல" என்றார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு, சாயங்காலம் கூப்பிடுவதுதான் வழக்கமாம். அந்த நேரத்துக்கு ஜப்பார் பாய் வராந்தாக் கோடியில் போய் நின்று போன் போடுவார். ஊர்க்கதை, மழை, மகளுடைய வேலை விஷயம் என்று ஏதேதோ பேசுவார். சபுராம்மா 'ம்' கொட்டுவார். ஒருநாள் அவர் வழக்கம்போலப் பேசிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் உதடு கோணிக் கோணி, ரொம்பச் சிரமப்பட்டு, "சாப்… ட்டீங்… களா" என்று வந்தது. வராந்தாக் கோடியை எட்டிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவரை வார்டு வாசலில் நிற்கச் சொன்னேன். அதற்கடுத்து இரண்டு கட்டில் தள்ளி. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, ஒரு சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து, இருவரும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினார்கள். அடுத்த கட்டில் பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சபுராம்மா அவருடைய வாயசைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, அவர் காதிலிருந்த போனை வாங்கி மடியில் வைத்துவிட்டு, "பேசுங்க" என்றார்.

சில வாரம் கழித்து எடுத்த ஸ்கேனை டாக்டர் ஜன்னலில் பிடித்துக் காட்டினார். வெள்ளைத் திட்டு கரைந்துவிட்டிருந்தது. வீக்கமும் இல்லை. அங்கே ஒரு கீறல் மாதிரிக் கறுப்புக் கோடு மட்டும். "அள்ளிப் போட்டுருச்சுங்க பாய், பாருங்க" என்றார். செத்துப்போன மூளைச் செல்கள் திரும்ப வராது, கை முழுசாகச் சரியாகாமல் போகலாம், வார்த்தை தடுமாறும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஜப்பார் பாய் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் குவைத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு செக்கப்புக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை வந்தபோது சபுராம்மா ஊன்றுகோலைப் பிடித்துத் தானே நடந்துவந்தார். வெளியே ஓ.பி. வரிசை படிக்கட்டுவரை நின்றது. டாக்டர் பிரஷர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. வீட்ல எப்படிப் பார்த்துக்கிறாரு?" என்று சும்மா கேட்டார்.

அவ்வளவுதான். "இந்த மனுசன்…" என்று ஆரம்பித்தார் சபுராம்மா. "இந்த மனுசன்… சோறு ஆக்குறாரு. வாயில… வைக்க முடியல. உப்பு… உப்பு இல்ல. கேட்டா… இது… இது…" வார்த்தை கிடைக்காமல் விரலால் மேஜையைத் தட்டினார். ஜப்பார் பாய் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். டாக்டர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். "…டாக்டரு! டாக்டரு சொன்னாங்கங்குறாரு!"

"உப்பைக் குறைக்கச் சொன்னது நான்தாம்மா" என்றார் டாக்டர்.

சபுராம்மா அவர் பக்கம் திரும்பினார். "நீங்களா? நீங்க… அந்த ரசத்த… ஒருநா குடிச்சுப் பாருங்க. குடிச்சுட்டு… அப்புறம் சொல்லுங்க!"

ஏச்சு டாக்டரைத் தாண்டி மறுபடி புருஷனிடம் வந்து, மீன் வாங்கத் தெரியாதது, துணியை உதறாமல் காயப்போடுவது என்று திக்கித் திக்கி நீண்டுகொண்டே போனது. ஜப்பார் பாய் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லையும் விட்டுவிடக்கூடாது என்பதுபோல் கேட்டுக்கொண்டு நின்றார். டாக்டர் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டுக் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டார். வெளியே யாரோ "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று சத்தம் போட்டார்கள்.

நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றுகொண்டேன்.